காஜிமார் தெரு கிருமி டிப்போ

786

மதுரை, காஜிமார் தெரு
6-3-1941

அன்புத் தம்பி நூருல் அமீனுக்கு அக்கா அஜ்மல் பீவியின் சலாம். இங்கே நானும் மரியம் மதினியும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். கல்கத்தாத் தண்ணீர் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, கடுகெண்ணெய் மீன் பழகிவிட்டதா என்று எழுது.

உன் கடிதம் கிடைத்தது. "மதுரைக் கால் நோய்க் கிருமி, வெள்ளைக் குருணை வகையில் இரண்டு, கலப்பில்லாமல், எண் போட்டு அனுப்பவும்" என்று வைஸ்ராய் உத்தரவு மாதிரி எழுதியிருக்கிறாய். கொழும்பிலிருந்து கிருமி கேட்கிற துரைகூட 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை போடுகிறார். சொந்த அக்காவுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது.

எண் எல்லாம் நம் டிப்போவில் கிடையாது. யார் காலிலிருந்து எடுத்தோமோ அவர் பேர்தான் கிருமிக்கும் பேர். உன் மச்சான் தொடங்கிய வழக்கம் அது. அவர் மௌத்தான பிறகும் நான் மாற்றவில்லை. எண்ணுக்காக எவளாவது மாதாமாதம் கடல்பாசி காய்ச்சி, புதுக் குழாயில் ஊற்றி, பழையதிலிருந்து எடுத்து நட்டு வளர்ப்பாளா? பேர் இருந்தால்தான் 'ஐயோ, சுடலைக்குச் சாப்பாடு தீர்ந்திருக்குமே' என்று மனசு அடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சினால் அஜ்மல் கிருமிக்குக் காய்ச்சுகிறாள் என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிடாரன் பாம்பை வைத்திருந்தால்தானே கடிக்கு மருந்து செய்ய முடியும்?

உனக்கு இரண்டு பேரை அனுப்புகிறேன். ஒருவர் சுடலை. மேலூர்ப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். கருவேல முள் குத்தியது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. இன்னொருத்தி சுந்தரம்மாள். பரவைச் சந்தையில் கீரை விற்கிறவள். இரண்டு பேருக்கும் பாதம் வீங்கி, துளை துளையாகத் திறந்து, ரவை போல வெள்ளைக் குருணை விழுகிறது. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் இரண்டு பேர் காலையும் வெட்டத்தான் வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீ சொல்கிற சல்ஃபா மாத்திரை சில கிருமியைக் கொல்லும், சிலதைத் தொடக்கூடத் தொடாது என்கிறாய். யுத்த காலத்தில் மாத்திரைக்குப் பஞ்சம். மதராசில் கையைக் காலைப் பிடித்து ஒரு ஆளுக்குக் காணும் அளவுதான் வாங்கி வைத்திருக்கிறேன். பாதிப் பாதி கொடுத்தால் இரண்டு பேருக்குமே உதவாது. உன் மேசையில் யாருடைய கிருமி சாகிறதோ அவருக்கு மாத்திரை. மற்றவருக்குக் கால் போகும். அதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய். அடுத்த வாரம் நானே பெட்டி கட்டி அனுப்புகிறேன்.

துஆவுடன்,
அக்கா அஜ்மல்


மதுரை
13-3-1941

அன்புள்ள தம்பிக்கு, அக்கா சொல்லச் சொல்ல மரியம் மதினி எழுதுவது. அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறோம்.

இன்று மெயிலில் பெட்டி போகிறது. உள்ளே இரண்டு குழாய்கள். முதலில் சுடலை, அடுத்து சுந்தரம்மாள். குழாய்மேல் பேர்ச் சீட்டும் ஒட்டியிருக்கிறது. கிடைத்ததும் ஒரு வரி எழுதச் சொன்னாள் அக்கா. அவளுக்கு அடுப்படியில் வேலை ஒழியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மரியம்


கல்கத்தா
24-3-1941

அன்பு அக்காவுக்கும் மதினிக்கும் தம்பி நூருல் அமீனின் சலாம். நான் சுகம். மீன் பழகிவிட்டது. கடுகெண்ணெய் மட்டும் இன்னும் என்னைப் பார்த்து முறைக்கிறது.

பெட்டி வந்து சேர்ந்தது. குழாய் எதுவும் உடையவில்லை. பஞ்சு கொஞ்சம் நனைந்திருந்தது. மற்றபடி ஒன்றும் பாதகமில்லை. இரண்டு கிருமியும் நன்றாக வளர்கின்றன. பார்வைக்கு அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என் புரொபசரே 'எது எது?' என்று கேட்டார். "எங்கள் அக்கா பெற்ற பிள்ளைகள், எனக்குத் தெரியும்" என்றேன்.

கடிதம் என்ன மதினி கையெழுத்தில் வருகிறது? முதலாளியானதும் காரியதரிசி வைத்துக்கொண்டாயா? விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. ஒற்றை ஆளாக அந்தப் பாரத்தை எத்தனை காலம் சுமப்பாய்? மதராசில் கேட்கிறார்கள். டிப்போவை அவர்களிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். நீ முடியவில்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், நானே வந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிறேன்.

ஆகஸ்டில் இங்கே பெரிய மகாநாடு. சல்ஃபா பற்றிய என் கட்டுரையை அங்கே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லபடி முடிந்தால் என் வேலை நிரந்தரமாகும்.

உன் துஆவை நாடும்,
நூருல் அமீன்


மதுரை
3-5-1941

தம்பிக்கு சலாம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அழகர் வரப்போகிறார் என்று வெளியூர் வண்டிகள் இப்போதே வந்து நிற்கின்றன.

இது என் சொந்தக் கையெழுத்து. பார்த்துத் திருப்திப்படு. அன்றைக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். மதராசுக்கு டிப்போவைக் கொடுக்கிற பேச்சை இன்னொரு தரம் எடுக்காதே. அங்கே கொண்டுபோனால் அழகான அலமாரியில் வைப்பார்கள், லீவு நாளில் கிருமி பட்டினி கிடந்து சாகும். நான் ஈரமணலில் பானை பானையாகப் புதைத்து இந்த வெயிலிலும் ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி உண்டு. ஒரு குழாயில் மேய்ந்துவிட்டு அடுத்ததற்கு நடந்துபோய் இரண்டையும் கலந்து நாசமாக்கும். அதற்காக மேசைக்கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறேன். பம்பாயிலிருந்து ஆர்டர், கொழும்பிலிருந்து ஆர்டர். பாரீஸ்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஜெர்மன்காரன் உள்ளே நுழைந்த பிறகு சத்தமில்லை. இவ்வளவையும் நானும், பாட்டில் கழுவிப் பெட்டி கட்டுகிற சுருளியும்தான் பார்க்கிறோம். யாருக்கும் குறை வைத்ததில்லை.

சுடலை போன வாரம் மாட்டுவண்டியில் வந்தார். "பாயம்மா, கல்கத்தாவுல என் கிருமி செத்துச்சா இல்லையா?" என்று வாசலிலிருந்தே கேட்டார். அவருக்கு எப்போதும் சத்தம்தான். சுந்தரம்மாள் வந்தால் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு கட்டு அரைக்கீரையை வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். அது இன்னும் மோசம். சீக்கிரம் பதில் போடு.

துஆவுடன்,
அஜ்மல்


கல்கத்தா
21-5-1941

அன்பு அக்காவுக்கு சலாம். எல்லோரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். எனக்கு நல்ல சுகம், நேற்று முதல் இன்னும் நல்ல சுகம்.

வேலை முடிந்தது. சல்ஃபா கலந்த அகரில், நீ சொல்கிற கடல்பாசியில், சுடலை கிருமி வளரவே இல்லை. மூன்று தரம் செய்து பார்த்தேன், மூன்று தரமும் அடியோடு செத்தது. சுந்தரம்மாள் கிருமியோ சர்க்கரையில் விழுந்த எறும்பு மாதிரி கொண்டாட்டமாக வளர்கிறது. ஆகவே மாத்திரை சுடலைக்கு. சுந்தரம்மாளுக்கு அது வீண். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். பெரிய டாக்டருக்கும் இதையே எழுதிவிட்டேன்.

புரொபசர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். உன் டிப்போ பேரையும் கட்டுரையில் போட்டிருக்கிறேன் அக்கா. அச்சில் வரும்.

அன்புடன்,
நூருல் அமீன்


மதுரை
12-6-1941

தம்பிக்கு அக்காவின் சலாம். சுகம். நீயும் சுகமாக இரு.

டிப்போ பேர் அச்சில் வரும் என்று படித்ததும் மதினி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமைதான். இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? உன் மச்சான் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

சுடலைக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. ஆஸ்பத்திரி நர்ஸ் கையாலேயே கொடுக்கிறார்கள். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, "அடுத்த நடவுக்கு நான்தான் பரம்படிப்பேன்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம்.

சுந்தரம்மாளிடம் சொல்ல நானே பரவைக்குப் போனேன். ஆள் விட்டுச் சொல்கிற சேதியா அது? சந்தையில் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். தெளிப்பதை நிறுத்தவில்லை. "காலு இல்லாட்டி கூடையத் தலையில வச்சு நடக்க முடியாதே பாயம்மா. உக்காந்து விக்கிறதுன்னா யாரு எனக்குக் கொண்டாந்து போடுவாக?" என்றாள். பிறகு அவளே, "சரி, அவருக்காச்சும் பொழைச்சுச்சே" என்றாள். ஆகஸ்டு நாலாம் தேதி ஆபரேஷன் என்று முடிவாகியிருக்கிறது.

அஜ்மல்


மதுரை
9-7-1941

தம்பிக்கு சலாம். நலம், நலமறிய ஆவல்.

சுடலை கால் தேறவில்லை. மாத்திரை பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வீக்கம் வாடவில்லை. கணுக்காலுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு துளை திறந்திருக்கிறது. அவர் மட்டும் "நேத்துக்கு இன்னைக்குத் தேவல பாயம்மா" என்று தினமும் சொல்கிறார். அவர் கண் அப்படிச் சொல்லவில்லை.

உன் மேசையில் ஏதாவது கோளாறு நடந்திருக்கிறதா என்று பார். மருந்தளவு சரியா? அகரில் ஏதாவது கலந்ததா? என் பக்கம் தேட வேண்டியதில்லை. இந்த டிப்போவிலிருந்து இதுநாள் வரை ஒரு தப்புச் சரக்கு வெளியே போனதில்லை.

உடனே பதில்.

அஜ்மல்


கல்கத்தா
16-7-1941

அக்காவுக்கு சலாம். உடம்பு சுகம்தானே?

உன் கடிதம் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கால் ஆறவில்லை என்றால் உடனே என் மேசை கோணலா? மருந்தளவு சரி, அகர் சரி. எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துவிட்டேன். குழாயில் செத்தது காலில் சாக நாளாகலாம். ரத்தம் அவ்வளவு தூரம் மருந்தைக் கொண்டுபோக வேண்டாமா?

நீ நினைப்பதைவிட நான் கவனமானவன். பெட்டி வந்தபோது ஈரத்தில் பேர்ச் சீட்டு இரண்டும் குழாயைவிட்டு உரிந்து பஞ்சோடு பஞ்சாகக் கிடந்தன. வேறு ஒருவனாக இருந்தால் திகைத்திருப்பான். எனக்கா தெரியாது? செருப்பு மாட்டினாலும் வலது காலில் தொடங்குகிறவள், பந்தியில் சோறு வைத்தாலும் வலது கோடியிலிருந்து வைக்கிறவள், நம் உம்மா வளர்த்த பிள்ளை. நீ கட்டுகிற பெட்டியில் முதல் குழாய் என்றால் அது வலது பக்கக் குழாய்தான். முதலில் சுடலை என்று மதினி எழுதியிருந்தாள். அப்படியே வலமிருந்து பேர் எழுதிக்கொண்டேன். ஆகவே வீணாகக் கவலைப்படாதே.

மகாநாட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நல்லபடி நடக்க துஆ செய்.

நூருல் அமீன்


மதுரை
22-7-1941

நூருல் அமீனுக்கு. சலாம்.

இதை உட்கார்ந்துகொண்டு படி. தந்தி இதற்குள் உனக்கு வந்திருக்கும். அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை நான் கட்டவில்லை. உனக்கு முதல் கடிதம் எழுதிய இரண்டாம் நாள் ஸ்பிரிட் விளக்கு சாய்ந்து என் வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோனது. அதனால்தான் மதினி எழுதினாள். உனக்குச் சொன்னால் 'டிப்போவை மூடு, கல்கத்தாவுக்கு வா' என்று ரயிலேறி வந்து நிற்பாய் என்று மறைத்தேன். கை ஆறிய பிறகும் சொல்லவில்லை. இனி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பெட்டி கட்டியது சுருளி. இன்று அவனைக் கூப்பிட்டு, இரண்டு குழாயைக் கையில் கொடுத்து, "முதல்ல சுடலை, அடுத்து சுந்தரம்மா. பெட்டியில வை" என்றேன். இடது பக்கத்தில் சுடலையை வைத்தான். "ஏன்டா இப்பிடி வைக்கிற?" என்றேன். "வேற எப்பிடி வைப்பாக? எழுதுறது, எண்ணுறது எல்லாம் இந்தப் பக்கமிருந்துதானே அக்கா?" என்றான். அவன்மேல் குற்றமே இல்லை. பேர்ச் சீட்டு ஒட்டித்தானே அனுப்பினான்.

நீ வலமிருந்து எடுத்தாய். என்னை அவ்வளவு தெரிந்தவன் என்பதால் எடுத்தாய். வேறு எவனாவது இருந்தால் சீட்டு உரிந்துவிட்டது, மறுபடி அனுப்பு என்று ஒரு கார்டு போட்டிருப்பான். நான் கை வெந்ததைச் சொல்லவில்லை, நீ சீட்டு உரிந்ததைச் சொல்லவில்லை. நம் இரண்டு பேர் வாய் மூடியதற்கு இரண்டு பேர் கால். உன் மேசையில் செத்தது சுந்தரம்மாள் கிருமி. மாத்திரை கேட்பது அவள் கால்.

அவளை நாலாம் தேதி வெட்டப்போகிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெரிய டாக்டர் முகாம் போயிருக்கிறார், அன்று காலைதான் திரும்புகிறார். சின்ன டாக்டர், "கல்கத்தா ரிப்போர்ட்டை நீங்க மாத்த முடியாதும்மா, கல்கத்தாதான் மாத்தணும்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். சுடலைக்கு மிச்ச மாத்திரையை நிறுத்தி வைக்க மட்டும் சம்மதித்தார். தப்பு என்று நீ எழுத வேண்டும். எழுதினால் உன் கட்டுரை போகும், வேலையும் போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன். உன்னிடம் இதைக் கேட்கும்படி ஆனதே என்று நெஞ்சு எரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

புதிய குழாய்கள் இரண்டு இதோடு வருகின்றன. நானே கட்டினேன்.

அஜ்மல்


மதுரை
6-8-1941

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாம்.

நீ சுகமா? இரண்டு வாரமாக ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். உன்னைப் பற்றித் தப்பாக நினைத்தேன். எத்தனையோ நினைத்தேன். வேலையைப் பார்த்துக்கொண்டாய் என்று மதினியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் என்னோடு சண்டைக்கு வந்தாள்.

நாலாம் தேதி விடியும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். என்ன ஆனாலும் ஆபரேஷன் ரூம் வாசலில் படுத்துக்கொள்வது என்றுதான் போனேன். சுந்தரம்மாளைக் குளிப்பாட்டித் தலைமுடியைத் துணியால் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து, "நீங்களும் வந்துட்டீகளா, நல்லதாப் போச்சு. கையப் பிடிச்சுக்கங்க" என்றாள். பெரிய டாக்டர் வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் என்னைப் பார்த்து, "உன் தம்பி எழுதியது உனக்குத் தெரியும்தானே?" என்றார். அவர் முகாமிலிருந்து திரும்பும்வரை அவர் மேசையில் ஒரு தந்தி கிடந்திருக்கிறது. ரிப்போர்ட் தலைகீழ், பேர் மாறியது, தப்பு என்னுடையது, சுந்தரம்மாள் காலை வெட்ட வேண்டாம் என்று. ஜூலை இருபத்துமூன்றாம் தேதி. என் தந்தி உன் கைக்குக் கிடைத்த மறுநாளே அடித்திருக்கிறாய்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும்.

மிச்ச மாத்திரை சுந்தரம்மாளுக்குப் போகிறது. சுடலையிடம் நான்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என் மாத்திரைய எடுத்து அந்தம்மாவுக்குக் குடுக்கப் போறீக, அதானே?" என்றார். "ஆமா அண்ணே" என்றேன். "இம்புட்டு நாளா என்னைய ஏமாத்துனது யாரு? உங்க குழாயா, உங்க தம்பியா?" என்றார். "நாங்க ரெண்டு பேரும்" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் காலை நாளை எடுக்கிறார்கள். முன்பே எடுத்திருந்தால் முழங்காலுக்குக் கீழே போதும். இப்போது மேலே.

மிச்ச மாத்திரை அவளுக்குக் காணாது. உன்னால் முடிந்தால் ஏதாவது செய்.

அக்கா


கல்கத்தா
19-8-1941

அன்பு அக்காவுக்கும் மதினிக்கும் சலாம். உன் கை இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதைத்தான் கேட்கிறேன். மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டியது.

உனக்கு எழுதப் பல தடவை உட்கார்ந்தேன், முடியவில்லை. டாக்டருக்குத் தந்தி கொடுப்பது சுலபமாக இருந்தது. சீட்டு உரிந்ததைக் கண்டதும் எனக்கு முதலில் தோன்றியது உன்னிடம் கேட்கவேண்டும் என்பதுதான். கேட்டால் 'தூக்கிப் போடு, புதுசு அனுப்புகிறேன்' என்பாய், ஒரு மாதம் போகும், மகாநாட்டுக்கு வேலை முடியாது. அதனால்தான் அக்காவை எனக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகாநாட்டில் மேடை ஏறினேன். கட்டுரையை வாசிக்கவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னேன். வலம், இடம், சீட்டு, எல்லாம். பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். நீ அனுப்பிய புதிய குழாய்களில் திரும்பச் செய்தேன். நீ சொன்னதுதான் சரி. சுந்தரம்மாள் சாகிறாள், சுடலை சாகவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நம் டிப்போ வழக்கப்படி எழுதுகிறேன்.

பட்டாள ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சாபி டாக்டரைப் பிடித்துக் கெஞ்சி மாத்திரை வாங்கித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவளுக்குக் காணும். மதராசுக்கு டிப்போவைக் கொடு என்று இனி நான் சொல்லமாட்டேன். சுடலைக்கு நான் என்ன எழுதுவது? எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

தம்பி


மதுரை
30-10-1941

அன்புத் தம்பிக்கு அக்காவும் மதினியும் பெருநாள் சலாம் சொல்கிறோம். நீ இல்லாமல் இரண்டாவது பெருநாள். பிரியாணியில் உன் பங்கையும் சேர்த்து மதினி சாப்பிட்டாள். எனக்கு உடம்பு திடம். கையில் தழும்புதான் இருக்கிறது, வேலைக்குத் தடையில்லை.

டிப்போ நன்றாக நடக்கிறது. இப்போதெல்லாம் ஒட்டுகிற சீட்டே கிடையாது. வைரம் அறுக்கிற ஒரு ஆசாரியிடம் சொல்லி உடைந்த வைரத் துணுக்குப் பதித்த ஊசி செய்து வாங்கினேன். கண்ணாடியிலேயே பேரைக் கீறிவிடுகிறேன். ஈரம் என்ன, வெள்ளமே வந்தாலும் போகாது. உன் மகாநாட்டுப் பேச்சைக் கேட்டவர் ஒருவர் லாகூரிலிருந்து எழுதியிருக்கிறார். தவறு நடந்தால் மறைக்காமல் சொல்கிற இடத்தில்தான் கிருமி வாங்குவேன் என்கிறார். முன்னைவிட ஆர்டர் கூடத்தான் வருகிறது.

சுந்தரம்மாள் கால் வற்றிவிட்டது. துளைகள் மூடி, புதுத் தோல் வந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பரவையிலிருந்து வண்டி பிடிக்காமல் நடந்தே வந்தாள். கூடையை இறக்கிவிட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். நானும் அவளும் சிறுபிள்ளைகள் மாதிரி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேற்று சுடலை வந்தார். ஆகஸ்டிலிருந்து என்னோடு ஒரு பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போன போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். நேற்று இரண்டு கட்டையை அக்குளில் கொடுத்து, வாசற்படி ஏற முடியாமல் நின்றுகொண்டு, "பாயம்மா, அத நான் பாக்கணும்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. சுருளி தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டி வந்தான். குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கீறியிருந்த தன் பேரை விரலால் தடவினார். படிக்கத் தெரியாது. "இதுல என் பேரா?" என்றார். ஆமாம் என்றேன்.

"இம்புட்டூண்டா? இம்புட்டூண்டா இருந்துக்கிட்டா என் காலத் தின்னுச்சு?"

கீழே போட்டு உடைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். உடைக்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு என்று தடுக்காமல் நின்றேன். அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எங்க ஊருல இன்னும் மூணு பேருக்கு இந்த மாதிரி கால் வீங்கியிருக்கு பாயம்மா. ஒருத்தன் என் தங்கச்சி மகன். நான் கூட்டியாறேன், எடுத்துப் பாருங்க. இதச் சாகவிட்றாதீக. இது சாகுற மருந்து கெடைக்கிற வரைக்கும் சோறு போட்டு வைங்க" என்றார். பிறகு, "உங்க தம்பிக்கு என் மேல ஒண்ணும் மனக்கொறை இல்லையே? எழுதவே இல்லையாமே" என்றார். தம்பி, கேட்டாயா? அவர் கேட்கிறார், உனக்கு மனக்குறையா என்று.

அவருக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாயே. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அதை அவர் எதிர்பார்க்கவில்லை. சுடலையை இன்று புதுக் குழாயில் நட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கச்சி மகனுடையது அடுத்த வாரம் வரும். சல்ஃபா ஆகவில்லை என்றால் அடுத்த மருந்து, அதுவும் ஆகவில்லை என்றால் அதற்கடுத்தது. நீ தேடு, நான் சாகவிடாமல் வைத்திருக்கிறேன். முதலில் எந்த மருந்தை ஊற்றிப் பார்க்கப்போகிறாய் என்று அவருக்கு எழுது. கெட்டியான எழுத்தாக எழுது, சுருளி படித்துச் சொல்வான்.

அக்கா
அஜ்மல் பீவி